வாளை இல்ல, வால்ஐ

மக வீட்டுக்கு அமெரிக்கா போறேன்னு மார்ச்ல ரெண்டு வரி எழுதிப் போட்டதோட சரி, அதுக்கப்பறம் இந்தப் பக்கமே வரல, மூணு மாசம் ஓடிப்போச்சு. பாம்பனுக்குத் திரும்பி வந்து பத்து நாளாகுது. பாக்குற ஆளெல்லாம் நயாகரா பாத்தீகளா, நியூயார்க் பாத்தீகளான்னு கேக்குறாக. பாத்தேன், எல்லாம் பாத்தேன், ஆனா எனக்கு மனசுல நிக்கிறது ஒரு மீனு. அதப்பத்தித்தான் இன்னைக்கி எழுதப் போறேன், மீனு வேணாம்னு நெனக்கிறவுக இப்பவே போயிருங்க.

வாளைன்னா நமக்கு ரெண்டு தெரியும். ஒண்ணு கம்மாயில ஆத்துல கெடக்குற வாளை, இன்னொண்ணு கடல்ல கெடக்குற சாவாளை, வெள்ளி பெல்ட்டு மாதிரி நீளமா இருக்குமே அது. மாப்ள பிப்ரவரில போன் பண்ணி "மாமா, இங்க வாலை சீசன் வரப்போகுது, அதுக்குத் தோதா டிக்கெட் போட்டிருக்கேன்"னு சொன்னப்ப நான் சாவாளையத்தான் நெனச்சேன். கருவாட்டுக்குப் போற மீனப் பிடிக்கவா இம்புட்டு தூரம் பிளேன்ல வரச்சொல்றாருன்னு எங்க வீட்டம்மாவும் சிரிச்சா. அங்க போயித்தான் தெரியுது அது வாளை இல்ல, வால்ஐ (walleye)ங்கிற ஏரி மீனு. அவரு சொன்னது சரிதான், நம்ம காதுதான் வாளைன்னு கேட்டுக்கிச்சு.

மாப்ள பரமக்குடிப் பக்கம், கம்மாயில விரால் பிடிச்சு வளந்த ஆளு. நான் வள்ளத்துல கைத்தூண்டில் போட்டுப் பொழச்ச மனுசனோட மகன், நானா கடலுக்குப் போய் சம்பாதிக்கல, ஆபீஸ் உத்தியோகம் பாத்து ரிட்டையர் ஆனவன். ஆனா ஞாயித்துக்கிழமையானா மச்சான் வள்ளத்துல ஏறிருவேன், அது இன்னைக்கி வரைக்கும் மாறல. அதனால எனக்கும் மாப்ளைக்கும் பேசுறதுக்கு மீன விட்டா வேற கெடையாது, மக கூட சொல்லுவா, ரெண்டு பேரும் ஒக்காந்தா வீடே மீன்வாடை அடிக்குதுன்னு.

அவுக இருக்குறது ஒஹையோ மாநிலத்துல டொலிடோன்னு ஒரு ஊரு, ஈரி ஏரிக்கரையில. ஏரின்னு சொல்றோமேன்னு நம்ம பெரிய கம்மாய மனசுல வச்சுக்காதீங்க. 25,700 சதுர கிலோமீட்டர், நம்ம ராமநாதபுரம் மாவட்டத்த மாதிரி ஆற எடுத்து உள்ள போட்டாலும் எடம் மிஞ்சும். கரையில நின்னா அக்கரை தெரியாது, அல அடிக்குது, கலங்கரை விளக்கம் இருக்கு, கடப்புறா கூட கத்துது, ஆனா காத்துல உப்பு இல்ல. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. மொத நாளு குனிஞ்சு ஒரு கை அள்ளி வாயில வச்சுப் பாத்தேன், நல்ல தண்ணி! மக ஓடி வந்து கையத் தட்டிவிட்டுட்டா, அதுக்கொரு காரணம் இருக்கு, அப்பறம் சொல்றேன்.

அந்த ஏரியோட மேக்குப் பக்கம், டொலிடோ இருக்குற பக்கம், ஆழமே கெடையாது. சராசரியா 24 அடியாம், அதாவது நாலு பாகம். நாலு பாகம்னு கேட்டதும் எனக்கு சட்டுனு நம்ம வடகடல்தான் ஞாபகம் வந்துச்சு. பாக் விரிகுடாவும் அப்படித்தானே, நடுக்கடலுக்குப் போனாலும் ஆறேழு பாகத்த தாண்டுறது கஷ்டம். ஆழம் கம்மியான தண்ணியோட கொணம் எல்லா நாட்டுலயும் ஒண்ணுதான் போல, காத்து கொஞ்சம் எழும்புனாப் போதும், அல குட்ட குட்டையா, நெருக்கி நெருக்கி அடிக்கும், படகு முதுகெலும்ப ஒடச்சிரும், அடித்தளம் கலங்கி தண்ணி சேறாயிரும். அங்க மீன்பிடிக்காரன் பயப்படுறது வடகெழக்குக் காத்துக்கு, நம்ம வாடைக்கு நாம பயப்படுற மாதிரியே. தென்மேக்கு காத்து பலமா அடிச்சா தண்ணி மொத்தமும் கெழக்க பஃபலோ பக்கம் ஒதுங்கி டொலிடோ பக்கம் பல அடி எறங்கிருமாம், படகெல்லாம் சேத்துல ஒக்காந்துருமாம். பாம்பன்ல கடல் உள்வாங்கிருச்சு, மக்கள் பீதின்னு டிவில போடுவானே, அதே கததான், அங்க பீதியாக மாட்டாக, அம்புட்டுதான் வித்தியாசம்.

இப்ப மீனுக்கு வர்றேன். வால்ஐ பாக்க எப்படி இருக்கும்னா, மேல பித்தளப் பாத்திரத்த புளி போட்டு வெளக்காம விட்டா ஒரு பச்ச கலந்த மஞ்சள் இருக்குமே அந்தக் கலரு, வயிறு வெள்ள, முதுகுல முள்ளுத்துடுப்பு, வாலோட கீழ் நுனியில சுண்ணாம்பத் தொட்டு வச்ச மாதிரி ஒரு வெள்ளப் பொட்டு. வாயில பல்லு இருக்கு, நம்ம ஊளி மீனு அளவுக்கு இல்லன்னாலும் வெரல விட்டா கிழிக்கும். ஆனா எல்லாத்தையும் விட அந்தக் கண்ணு. பெருசா, வெளிறிப்போய், கண்புரை வந்த கெழவன் கண்ணு மாதிரி இருக்கும். பேரே அதனாலதான், ஐன்னா இங்கிலீசுல கண்ணு. கண்ணுக்குப் பின்னாடி பூனைக்கு இருக்குற மாதிரி வெளிச்சத்த திருப்பி அடிக்கிற ஒரு படலம், டார்ச் அடிச்சா பளீர்னு மின்னும். கொடுவா மீன ராத்திரில டார்ச் அடிச்சுப் பாத்தவுகளுக்குத் தெரியும், அதுவும் கண்ணு செவசெவன்னு எரியும்ல, அந்த ஜாதிதான். இருட்டுலயும் கலங்கல்லயும் இதுக்கு கண்ணு தெரியும், சின்ன மீனுக்குத் தெரியாது, அதனால விடியறப்பவும் பொழுது அடையுறப்பவும்தான் வேட்டை. பகல்ல வேணும்னா லேசா அல இருக்கணும். கண்ணாடி மாதிரி தண்ணி கெடந்தா கடிக்காதுன்னு மாப்ள சொன்னப்ப நான் சிரிச்சுட்டேன், இதே வார்த்தைய எங்க மச்சான் முப்பது வருசமா சொல்லிக்கிட்டு இருக்காரு, அவரு தனுஷ்கோடி தாண்டிப் போனதில்ல.

மார்ச் ஏப்ரல்ல இந்த மீனு முட்டை போடுறதுக்கு ஏரியில இருந்து மௌமீன்னு ஒரு ஆத்துக்குள்ள ஏறி வருது. சரளைக்கல்லு கெடக்குற ஆழமில்லாத எடத்துல வந்து முட்டையப் போட்டுட்டு திரும்பிப் போயிரும், கூடு கட்டுறது காவல் காக்குறது ஒண்ணும் கெடையாது. அந்த நேரம் ஆத்துக்குள்ள சனம் நிக்கிறத பாக்கணுமே! இடுப்பு வரைக்கும் ரப்பர் கால்சட்டை மாட்டிக்கிட்டு, தோளுக்குத் தோளு, நூத்துக்கணக்குல, ஆத்துக்கு குறுக்க வரிசையா. நம்ம அக்னி தீர்த்தத்துல ஆடி அமாவாசைக்கு நிக்கிற மாதிரி, ஆனா எல்லார் கையிலயும் தூண்டில் கம்பு.

எனக்கும் லைசென்ஸ் எடுத்து, ஒரு ரப்பர் கால்சட்டைய எரவல் வாங்கி மாட்டி, மாப்ள ஆத்துல எறக்கிவிட்டாரு. அந்தக் குளிர எப்படிச் சொல்றது, காலு இருக்கா இல்லையான்னு அஞ்சு நிமிசத்துல தெரியல. ஈயத்த அடித்தளத்துல உருட்டிக்கிட்டே தண்ணி இழுக்குற போக்குல விடணும், அதுக்குப் பின்னால ரெண்டடி தள்ளி ஆரஞ்சு கலர்ல ஒரு ரப்பர் புழு. ஈயம் கல்லுல தட்டுறது கைக்குத் தெரியும், டொக், டொக், டொக்னு. மீனு கடிச்சா டொக்குன்னு இருக்காது, சட்டுனு கனம் கூடும், யாரோ ஈரத்துணிய மாட்டிவிட்ட மாதிரி. நான் கம்புல பழகுனவன் இல்ல, எங்கப்பா எனக்கு சொல்லிக்குடுத்தது ஆள்காட்டி வெரல்ல தங்கூசின்னு சொல்ற நைலான் நரம்ப ஓடவிட்டு பிடிக்கிறது. அதனால அங்கயும் ஒரு வெரல நரம்பு மேல வச்சுக்கிட்டே நின்னேன், பக்கத்துல நின்ன வெள்ளக்காரரு அதப் பாத்துட்டு தலைய ஆட்டுனாரு, பாராட்டா கிண்டலான்னு தெரியல.

ஒரு மணி நேரம் கழிச்சு மாட்டுச்சு. நல்ல மீனு, கம்பு வில்லா வளையுது, நான் மாப்ள மாப்ளன்னு கத்துறேன், சனம் ஒதுங்கி வழி விடுறாக, இழுத்துக் கொண்டாந்து பாத்தா ரெண்டடிக்கு மேல இருக்கும், வயிறு நெறைய செனை. நான் பூரிச்சுப்போய் நிக்கிறேன், மாப்ள குனிஞ்சு பாத்தாரு, மொகம் மாறிப்போச்சு. தூண்டில் முள்ளு வாயில இல்ல, வயித்துக்கிட்ட துடுப்புல மாட்டியிருக்கு. அங்க சட்டம் என்னன்னா வாய்க்குள்ள முள்ளு இருந்தாத்தான் மீனு உன்னுது, வெளிய எங்க மாட்டியிருந்தாலும் விட்டுறணும். யாரும் பாக்கலயே மாப்ளன்னு நான் மெதுவா சொன்னேன், உள்ளத சொல்றேன், வெக்கமில்லாமத்தான் சொன்னேன். அந்த தலையாட்டுன வெள்ளக்காரரு பாத்துக்கிட்டேதான் இருந்தாரு, ஒண்ணும் சொல்லல, கையக் காட்டி தண்ணியக் காட்டுனாரு. விட்டேன். அது கொஞ்ச நேரம் என் காலுகிட்டயே நின்னுச்சு, அப்பறம் வாலை ஒரு தட்டு தட்டி போயிருச்சு.

சட்டம் இன்னும் இருக்கு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 மீனு. 15 இஞ்சுக்குக் கொறஞ்சா கூடாது, ஒரு மொழத்துக்கு நாலு வெரக்கடை கம்மி அளவு. முட்டை போடுற அந்த ரெண்டு மாசம் ஆத்துல பொழுது விடிஞ்சாத்தான் தூண்டில் போடணும், அடைஞ்சா எடுத்துறணும். வலை போட்டு வால்ஐ பிடிச்சு விக்கிறது ஒஹையோ பக்கம் கெடையவே கெடையாது. அக்கரையில கனடாக்காரனுக்கு வலைத்தொழில் இருக்கு, கடையில கெடைக்கிற வால்ஐ அங்கிருந்து வர்றது. இதெல்லாம் கேட்டப்ப எனக்கு முதல்ல எரிச்சல்தான் வந்துச்சு, பொழுதுபோக்குக்கு பிடிக்கிறவனுக்கு சட்டம் ஈசி, வயித்துக்குப் பிடிக்கிறவன்கிட்ட வந்து 6 மீனுதான்னு சொல்லிப் பாருன்னு மாப்ளகிட்ட சண்டை போட்டேன். அவரும் விடல. அன்னைக்கி ராத்திரி சாப்பாட்டு மேசையில மகதான் வெலக்கிவிட்டா.

அந்தச் சண்டையிலதான் அவரு எனக்கு அந்த விசயத்தச் சொன்னாரு, நான் இந்தப் பதிவு எழுதுறதே அதுக்காகத்தான். வருசா வருசம் ஆகஸ்ட் மாசம் அரசாங்கத்து ஆளுக ஏரியில குறிச்ச எடங்கள்ல சின்ன மடிவலை இழுத்து, அந்த வருசம் பொறந்த குஞ்சு எத்தன இருக்குன்னு எண்ணுறாக. பெரிய மீன இல்ல, வெரல் நீளத்துக் குஞ்ச. அத வச்சு இன்னும் ரெண்டு மூணு வருசம் கழிச்சு மீன்பாடு எப்படி இருக்கும்னு இப்பவே சொல்லிருவாக. 2003-ல குஞ்சு கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சாம், அதுக்கப்பறம் பல வருசம் பெருசா ஒண்ணுமில்ல, 2003-ல பொறந்ததையே வருசக்கணக்கா பிடிச்சுக்கிட்டு இருந்திருக்காக. பெறகு 2015 நல்லா வந்துச்சு, 2018 இன்னும் பெருசு, 2021-ம் நல்ல வருசம். தூண்டில்காரனுக்கு இதெல்லாம் நம்ம ஊருல சுனாமி வருசம், புயல் வருசம்னு சொல்ற மாதிரி வாய்ப்பாடா இருக்கு, ஒரு மீனப் பிடிச்சு அளந்து பாத்துட்டு "இது பதினெட்டுக்காரன்"னு சொல்றான். மீனுக்கு பொறந்த வருசம் சொல்றத அங்கதான் கேட்டேன்.

எண்ணுனதுக்கு அப்பறம் என்ன பண்றாகன்னா, அந்த ஏரி நடுவுல நாட்டு எல்லைக்கோடு ஓடுது, இந்தப் பக்கம் அமெரிக்கா அந்தப் பக்கம் கனடா. 1954-ல ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டு ஒரு கமிஷன் வச்சிருக்காக. வருசத்துக்கு ஒருதரம் ரெண்டு பக்கத்து ஆளுகளும் ஒக்காந்து, இந்த வருசம் ஏரி மொத்தத்துக்கும் இத்தன வால்ஐ பிடிக்கலாம், அதுல உனக்கு இத்தன எனக்கு இத்தனன்னு பங்கு வைக்கிறாக, தண்ணிப் பரப்பு யாருக்கு எவ்வளவுன்னு பாத்து. மாப்ள இத சாதாரணமா சொல்லிட்டு தயிர் ஊத்திக்கிட்டாரு. எனக்கு சோறு எறங்கல. எங்க கடலுக்கும் நடுவுல, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரு கோடு இருக்கு, 1974-ல போட்டது, 1976-ல தெக்க வரைக்கும் நீட்டுனது. அந்தக் கோட்டுல என்ன நடக்குதுன்னு பாம்பன்லயும் தங்கச்சிமடத்துலயும் எந்த வீட்டக் கேட்டாலும் சொல்லும், நான் புதுசா எழுத வேண்டியதில்ல. எண்ணுறதுக்கு ஆளே இல்லாம இல்ல, மண்டபத்துல மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, 1971-ல கொச்சிக்குப் போற வரைக்கும் அதோட தலைமையகமே மண்டபம்தான். இப்பக்கூட இறால் குஞ்சு பொரிக்க வச்சு பாக் விரிகுடால விடுறாக. ஆனா ரெண்டு பக்கத்து மீன்காரனும் ஒரு மேசையில ஒக்காந்து குஞ்ச எண்ணி பங்கு வைக்கிறத நான் என் ஆயுசுல பாக்கல.

அங்க எல்லாம் யோக்கியம்னு சொல்ல வரல. அதே ஏரியில நீல வால்ஐன்னு ஒரு ரகம் இருந்துச்சாம், பவுண்டு கணக்குல கோடிக்கு மேல பிடிச்சு பொரிச்சுத் தின்னுருக்காக, 1950-கள் கடைசியில படுத்துருச்சு, 1983-ல அந்த மீனு அழிஞ்சுபோச்சுன்னு அரசாங்கமே அறிவிச்சிருச்சு. 1970-ல ஏரி மீனுல பாதரசம்னு வால்ஐ தொழிலையே நிறுத்தி வச்சிருக்காக. அப்பறம் நான் தண்ணிய வாயில வச்சப்ப மக ஏன் தட்டிவிட்டான்னு சொன்னேன்ல, வெயில் காலத்துல மேக்குப் பக்கம் முழுக்க பச்சப்பாசி படருது, வயக்காட்டு உரம் ஆத்து வழியா வந்து சேர்றதால. 2014 ஆகஸ்ட்ல அந்தப் பாசி வெசம் குடிதண்ணிக் கொழாய் வரைக்கும் வந்து, டொலிடோல அஞ்சு லட்சம் பேருக்கு ரெண்டு மூணு நாளு கொழாத்தண்ணியக் குடிக்காதன்னு சொல்லிட்டாக. நம்ம ஊருக்கு பூங்கோரை, அதான் கடல்ல பச்சையா படருற பாசி, வந்தா எப்படி இருக்கும்? 2019-ல பாம்பன் மண்டபம் பக்கம் கடல் பச்சையா மாறி, ஓராவும் மத்ததும் செத்து கரையில ஒதுங்குச்சே, அந்த நாத்தம் இன்னும் என் மூக்குல இருக்கு.

களவாணித்தனமும் உண்டு. 2022 செப்டம்பர்ல கிளீவ்லாண்டுல வால்ஐ பிடிக்கிற போட்டி, பரிசு 28 ஆயிரம் டாலருக்கு மேல. ஜெயிச்சவங்க மீனு அளவுக்கு மீறி கனமா இருக்கேன்னு நடத்துறவரு வயித்தக் கிழிச்சா உள்ள ஈயக்குண்டு! கூடவே வேற மீனோட சதைத் துண்டும். வீடியோவ மாப்ள காட்டுனாரு, ஏலக்கொட்டாய்ல சண்டை வந்தா எப்படி இருக்குமோ அதே சத்தம், அதே கை நீட்டல், மொழிதான் வேற. கேஸாகி தண்டனையும் ஆச்சு. எங்கப்பா இருந்தா, தூண்டில்ல போட வேண்டிய ஈயத்த மீனுக்குள்ள போட்டிருக்கான் பாருன்னு சொல்லியிருப்பாரு.

மே மாசம் ஏரிக்குள்ளயே படகுல கூட்டிட்டுப் போனாரு, போர்ட் கிளின்டன்ங்கிற ஊருல இருந்து. மண்புழுவ ரெண்டு முள்ளுல கோத்து, முன்னால ஒரு தகடு சுத்துற மாதிரி வச்சு, படக மெல்ல நகத்திக்கிட்டே இழுக்குறது. ரெண்டு நாளு காத்துன்னு தள்ளிப்போயி மூணாவது நாளுதான் போனோம். ஆறு பேரு, முப்பத்தி நாலு மீனு, சட்டப்படி முப்பத்தாறு வரைக்கும் போகலாம். படகுக்காரரு சின்னதா வந்த ஒவ்வொண்ணையும் ஸ்கேல்ல வச்சுப் பாத்து, நனைஞ்ச கையால பிடிச்சு, தலைகீழா இல்லாம தண்ணிக்குள்ள எறக்கிவிட்டாரு, பிள்ளைய தொட்டில்ல போடுற மாதிரி. எங்க வீட்டம்மா அன்னைக்கி குழம்பு வச்சா, புளி, மல்லித்தூளு எல்லாம் இங்கிருந்து கொண்டுபோனதுதான். தின்னு பாத்தா முள்ளு கம்மி, சதை கிழங்கான் மீனு மாதிரி வெள்ளையா பூவா உதிருது, வாடையே இல்ல. நல்ல மீனுதான், மறுக்க மாட்டேன். ஆனா நல்லதண்ணி மீனுல்ல, குழம்புல எம்புட்டு உப்பு போட்டாலும் சதைக்குள்ள ஏறல. பொரிச்சது தேவலாம்.

ஊருக்கு வந்தப்ப தடைக்காலம் முடியப் போற நேரம். ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு, 2017-க்கு முன்னாடி 45 நாளா இருந்துச்சு. விசைப்படகெல்லாம் கரையேத்தி பெயின்ட் அடிச்சு, மடி பின்னி, ஐஸுக்கு டீசலுக்கு சொல்லிவச்சு தயாரா நிக்குது, ஜெட்டிப் பக்கம் போனா வார்னிஷ் வாடைதான். இந்த வருசம் பாடு எப்படி இருக்கும்னு டீக்கடையில கேட்டா நாலு பேரு நாலு சொல்றாக. இறால் நல்லா வரும்னு ஒருத்தரு, கணவாய்தான்னு ஒருத்தரு, மொத வாரம் கொட்டும் அதுக்கப்பறம் டீசல் காசுக்குக் கூட தேறாதுன்னு ஒருத்தரு. கடைசியா சொன்னவரு சொல்றதுதான் வருசா வருசம் நடக்குது. 61 நாளு ஓய்வெடுத்த கடல, மொத நாளே ஆயிரக்கணக்கான மடி போட்டு அரிச்சா வேற எப்படி இருக்கும். திங்கள் புதன் சனி விசைப்படகு, மத்த நாளு நாட்டுப்படகுன்னு ஒரு முறை இருக்குறதால கொஞ்சமாவது மூச்சு விடுது.

நான் மச்சான்கிட்ட கேட்டேன். அவருக்குக் கணக்கு வேற. கடல் ஓசை எஃப்எம் 90.4-ல காத்து எம்புட்டு, அல எத்தன அடின்னு காலையில கேட்டுக்குவாரு, அது 2016-ல பாம்பன்ல ஆரம்பிச்சதுலேருந்து விடாம கேக்குறாரு. ஐதராபாத்துல இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையம் சாட்டிலைட் வச்சு மீனு கூடுற எடம்னு சொல்றதையும் பசங்க போன்ல காட்டுனா பாப்பாரு. ஆனா முடிவு எடுக்குறது கரையில குத்தவச்சு தண்ணி கலரப் பாத்துத்தான். கச்சான் காத்து பலமா வீசுது, தென்கடல், மன்னார் வளைகுடாப் பக்கம், இப்ப ஆகாது, வடகடல்ல பாறைப் பார் ஓரமா வெளமீன் நிக்கும், நீவாடு, அதான் நீரோட்டம், வெரசா ஓடுற அன்னைக்கி ஈயம் நிக்காது, அது தணியிற நாளா பாத்துப் போகணும். இதுதான் அவரு அறிக்கை. சொன்னா சொன்னபடி முக்காவாசி நடக்கும்.

போன வாரம் கரைவலை இழுத்துக்கிட்டு இருந்தாக, பழக்கதோசம், நானும் போயி நின்னேன். மடி கரையேறுனதும் கொட்டுனாக. காரல், சூடை, நாலஞ்சு நண்டு, ஒரு பேத்தை உப்பிக்கிட்டு கெடந்துச்சு. நடுவுல வெரல் நீளத்துல வெளமீன் குஞ்சு, ஓராக் குஞ்சு, கூட்டிப் பாத்தா ரெண்டு கூடை இருக்கும். சின்ன வயசுலேருந்து ஆயிரம் தடவை பாத்த குவியல்தான், ஒருநாளும் எதுவும் தோணுனதில்ல. இந்தத் தடவை என்னமோ குனிஞ்சு ஒரு வெளமீன் குஞ்ச எடுத்து உள்ளங்கையில வச்சேன். உடம்புல அந்தக் கறுப்புக் கட்டம் அப்பவே தெரியுது, செவுளு தொறந்து தொறந்து மூடுது. ஆள்காட்டி வெரலோட வச்சுப் பாத்தா நகத்த எட்டக் கொஞ்சம் கம்மி. இன்னொண்ண எடுத்தேன், இன்னொண்ண எடுத்தேன், எண்ண ஆரம்பிச்சிட்டேன். முப்பதோ என்னமோ வந்தப்ப மச்சான் பின்னாடி வந்து நின்னு "என்ன மச்சான், அளவெடுத்து சட்டையா தெக்கப் போறீக?"ன்னாரு. கயித்துல நின்ன பொம்பளைகள்லாம் சிரிச்சிட்டாக.

நான் அவருகிட்ட ஈரி ஏரிக் கதையெல்லாம் சொன்னேன், குஞ்ச எண்ணுறது, பதினெட்டுக்காரன், ரெண்டு நாட்டுப் பங்கு எல்லாம். பொறுமையா கேட்டாரு. கேட்டுட்டு, "வெளமீன் குஞ்சு இம்புட்டு கரைக்கு வந்திருக்குன்னா தாய்மீனு நல்லா இருந்திருக்குன்னு அர்த்தம், எங்கய்யாவும் இதத்தான் பாப்பாரு, எண்ண மாட்டாரு, கூடைய தூக்கிப் பாத்துச் சொல்லுவாரு"ன்னாரு. சரி அப்ப இந்தக் குஞ்ச ஏன் பிடிக்கிறீகன்னு கேட்டேன். "இழுத்த இருவது பேருக்கு இன்னைக்கி கூலி எங்கிருந்து வரும்"னு கேட்டாரு. ரெண்டு கூடையும் கருவாட்டுக்குப் போச்சு, என் கையில இருந்தது மூணு மட்டும் தண்ணியில விட்டேன், அதுல ஒண்ணு மல்லாந்துதான் மெதந்துச்சு.

ஆக இந்த வருச நெலவரம் என்னன்னு கேட்டா, என் கணக்கு இதுதான், எழுதி வச்சுக்கங்க, தப்பாப் போனா வந்து திட்டுங்க. வடகடல்ல தூண்டிலுக்கு வெளமீன் ஆகஸ்ட் வரைக்கும் பரவால்ல ரகம், பெருசு கம்மி, அரைக்கிலோவுக்கு உள்ளதுதான் அதிகம். விசைப்படகு எறங்குனப்பறம் மொத ரெண்டு வாரம் மார்க்கெட்டுல வெலை எறங்கும், வாங்குறவுக அப்ப வாங்குங்க. தென்கடல் பக்கம் சும்மா பொழுதுபோக்குக்குப் போறவுக கச்சான் ஓயுற வரைக்கும் போகாதீக, தனுஷ்கோடி முனையில நின்னு தூண்டில் போடுறேன்னு வர்ற பசங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன், அங்க இழுப்பு வேற மாதிரி. பூங்கோரை வருமா வராதான்னு செப்டம்பர்ல தெரியும்.

கடைசியா ஒண்ணு. கெளம்புறப்ப மாப்ள அந்த மௌமீ ஆத்து ஆரஞ்சு ரப்பர் புழுவும் ஈயத்தல முள்ளும் ஒரு டப்பா நெறைய குடுத்தனுப்புனாரு, பாம்பன்ல போட்டுப் பாத்துட்டு போட்டோ அனுப்பணும்னு கண்டிசன். வள்ளத்துக்குத்தான் தடை கெடையாதே, முந்தாநாளு நாலரை மணிக்கு மச்சானோட போனேன். பார் ஓரத்துல நங்கூரம் போட்டு அவரு தங்கூசியில சூடையக் கோத்து எறக்குனாரு, நான் கம்பும் ஆரஞ்சுப் புழுவுமா ஒக்காந்தேன். அந்தக் கலரப் பாத்துட்டு, "இது என்ன மச்சான், கல்யாண வீட்டு கேசரி மாதிரி இருக்கு"ன்னாரு. பொழுது விடியறதுக்குள்ள அவரு ஏழு வெளமீன் தூக்கிட்டாரு, ரெண்டு நகரை, ஒரு சின்ன கலவா. எனக்கு ஒரு கடி இல்ல. கடல் கண்ணாடியா கெடந்துச்சு, அதுவும் ஒரு காரணம்னு வைங்க.

ஆறு மணி வாக்குல லேசா காத்து எழும்பி தண்ணி நொறுங்க ஆரம்பிச்சுச்சு. ரெண்டாவது வீச்சுல டக்குனு இல்ல, டமார்னு ஒரு இழுப்பு, ரீல் கத்துது, கம்பு வள்ளத்து ஓரத்துல இடிக்குது, வெள்ளையா நீளமா ஒண்ணு தண்ணிக்கு மேல பாதி எழும்பித் திரும்புனத ரெண்டு பேரும் பாத்தோம், நல்ல ஊளி, ஒரு மீட்டருக்குக் கொறையாது. அடுத்த நிமிசம் நரம்பு காத்துல ஆடுது, கத்திரியால வெட்டுன மாதிரி சுத்தமா அறுத்துட்டுப் போயிருச்சு. வால்ஐக்குக் கட்டுற நரம்பு ஊளி பல்லுக்கு எங்க தாங்கும், கம்பி போட்டிருக்கணும், எனக்கே தெரியும், சோம்பேறித்தனம்.

ராத்திரி மாப்ள போன் பண்ணி மீன் கெடச்சுதா, முள்ளு வாய்க்குள்ளதான இருந்துச்சு, போட்டோ எங்க மாமான்னு கேட்டாரு. முள்ளு வாய்க்குள்ளதான் இருக்கு மாப்ள, வாயிதான் எங்க இருக்குன்னு தெரியலன்னு சொல்லிட்டேன்.